காணி இழந்த வன்னிக்காரர் ஐநா இனப்பாகுபாட்டுக் குழுவுக்கு மனு அனுப்ப முடியுமா?

கேள்வி இது: "உலக அரசியலே இனவாதத்தில்தான் ஓடுகிறது. அப்படியிருக்க, ஐநாவின் இனப்பாகுபாட்டுச் சமவாயத்தால் வன்னியில் காணி பறிபோன ஒருவருக்கு என்ன பயன்?"

ஐநாவில் இனப்பாகுபாடு பற்றிய முதல் பெரிய சண்டையே காணியில்தான் தொடங்கியது. 1946இல் தென்னாபிரிக்கா ஒரு சட்டம் போட்டது. நேட்டாலிலும் திரான்ஸ்வாலிலும் இந்தியர் எங்கே காணி வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்பதை அது மட்டுப்படுத்தியது. நேட்டால் இந்தியரில் பெரும்பகுதியினர் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னை மாகாணத்தில் இருந்து கப்பலேற்றப்பட்ட தமிழர், தெலுங்கரின் பிள்ளைகள். இந்தியா பொதுச்சபையில் முறையிட்டது. "இது எங்கள் உள்வீட்டு விவகாரம், ஐநா சாசனத்தின் 2(7)ஆம் உறுப்புரை உங்களைத் தடுக்கிறது" என்று வாதாடினார் தென்னாபிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். சாசனத்தின் முகவுரையை எழுதியதிலும் பங்குள்ளவர் அவர்தான். இந்தியத் தூதுக்குழுவின் தலைவி விஜயலட்சுமி பண்டிட் பதில் வாதம் வைத்தார். டிசம்பர் 8ஆம் திகதி 32 நாடுகள் இந்தியாவுடன் நின்றன, 15 எதிர்த்தன, 7 விலகி நின்றன. உள்வீட்டு விவகாரம் என்ற மதிலில் விழுந்த முதல் வெடிப்பு அது.

இனி 2009 மே 27க்கு வாருங்கள். செட்டிகுளம் முள்வேலி முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வன்னி மக்கள் அடைபட்டிருந்த நேரம். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையின் சிறப்பு அமர்வு நடந்தது. இலங்கையின் இறைமையை வலியுறுத்திய, சர்வதேச விசாரணை எதையும் கேட்காத ஒரு தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 12, விலகியவை 6. ஆதரித்த 29இல் இந்தியாவும் இருந்தது, தென்னாபிரிக்காவும் இருந்தது.

உலக அரசியலில் இனத்தின் பங்கு என்ன என்று கேட்டால் இந்த இரண்டு வாக்கெடுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். வெள்ளையர் ஆதிக்கத்தால் நொந்த நாடுகள் தமக்கு வெளியே இருந்த இனவாதத்தை உடைக்க ஒன்றுசேர்ந்தன. தம் எல்லைக்குள் என்று வந்ததும் ஸ்மட்ஸின் வாதத்தையே கேடயமாக எடுத்துக்கொண்டன. பெரும்பாலும் இனவாதம் பச்சையாக வாக்களிப்பதில்லை, நடைமுறை விதிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. 1919இல், ஐநாவுக்கு முந்திய சர்வதேச சங்கத்தின் உடன்படிக்கையில் இனச் சமத்துவத்தைச் சேர்க்க யப்பான் கேட்டபோது 17 வாக்கில் 11 ஆதரவாக விழுந்தன. தலைமை வகித்த அமெரிக்க ஜனாதிபதி வில்சன் "ஏகமனதாக இல்லை" என்று சொல்லித் தள்ளிவிட்டார். அதனால்தான் இந்தப் பதிலில் தத்துவத்தைவிட விதிகளைப் பற்றி அதிகம் எழுதுகிறேன். கதவு எங்கே அடைபடுகிறது என்று தெரிந்தவர்தான் காலை இடையில் வைக்கலாம்.

இனப்பாகுபாட்டுச் சமவாயம் 1965 டிசம்பரில் ஏற்கப்பட்டு 1969 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1982இல் இணைந்தது. ஆனால் சமவாயத்தைக் கண்காணிக்கும் குழுவுக்குத் தனியாள் மனு அனுப்ப இடம் தரும் 14ஆம் உறுப்புரை விருப்பத்துக்கு விடப்பட்டது. நாடு தனியாக ஒரு பிரகடனம் செய்தால்தான் அது செல்லும். இலங்கை அதை 2016இல்தான் செய்தது. இந்த 34 ஆண்டு இடைவெளிதான் எங்கள் ஊர்களில் வரும் முதல் ஏமாற்றம். 1984இல் மணலாற்றுக் கிராமங்களில் இருந்து விரட்டப்பட்டது, 2009இல் நடந்தது ஆகியவற்றை அந்த நிகழ்வாகவே கொண்டுபோனால் குழு ஏற்காது. 2016க்குப் பிறகும் தொடரும் மீறல், அல்லது பிறகு எடுக்கப்பட்ட புதிய முடிவு வேண்டும். அதே மணலாற்றுக்காரர் 2019இல் பெர்மிட்டை (அரச காணிக்கான அனுமதிப்பத்திரத்தை) புதுப்பிக்க விண்ணப்பித்து மறுக்கப்பட்டிருந்தால், அந்த மறுப்புக் கடிதம் ஒரு மனுவின் தொடக்கமாகலாம்.

இரண்டாவது ஏமாற்றம் சொல்லில். தமிழில் "இனம்" என்று ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். சமவாயத்தின் முதலாம் உறுப்புரை சொல்வது இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழும மூலம் ஆகியவற்றை மட்டுமே. மொழியும் மதமும் அந்தப் பட்டியலில் இல்லை. டென்மார்க்குக்கு எதிராக வந்த மனுக்களை, பிரச்சினை இஸ்லாம் என்ற மதத்தைப் பற்றியது மட்டுமே என்று சொல்லி 2007இல் குழு தள்ளிவிட்டது. ஆகவே "எங்கள் கோயிலில் பொங்க விடவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். தடுக்கப்பட்டவர்கள் தமிழர் என்ற இனக்குழுமத்தவர், தடை அந்தக் காரணத்தால் வந்தது, அதே இடத்தில் மற்றவருக்கு அனுமதி கிடைத்தது என்ற மூன்றையும் காட்ட வேண்டும். "வம்சாவளி" என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று குழு 2002இல் தெளிவாக்கியிருக்கிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பல பத்தாண்டுகளாகப் பெர்மிட் இல்லாமல் பயிர்செய்யும் இந்திய வம்சாவளி மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சொல் முக்கியம். 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்டு, திரும்பிவந்து காணி கேட்கும் முஸ்லிம்களுக்கும் இதே சட்டம்தான். எங்களுக்கு எதிரான பாகுபாட்டுக்கு மட்டும் இதைக் கேட்டால் அது நியாயமில்லை.

இனி நடைமுறை. உள்நாட்டு வழிகள் எல்லாவற்றையும் முடித்தபிறகுதான் குழுவிடம் போகலாம். வன்னியில் இருந்து வரும் விடயங்கள் பெரும்பாலும் தோற்பது ஜெனீவாவில் அல்ல, இங்கே, முதல் ஒரு மாதத்தில்.

ஒரு உதாரணம் எடுப்போம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு விவசாயிக்குக் கடிதம் வருகிறது: நீங்கள் உழும் வயல் ஒதுக்கக் காட்டுக்குள் வருகிறது, விட்டுவிடுங்கள். முழுக்கச் சிங்களம். கிராம சேவகரிடமோ தெரிந்த ஆசிரியரிடமோ கொடுத்து வாசிப்பிக்க ஒரு வாரம். பிரதேச செயலகத்துக்கு இரண்டு நடை. "பார்ப்போம்" என்ற பதிலோடு மூன்று கிழமை போய்விடும். இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்துக்கு (Supreme Court) ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அது தப்பினால் உள்நாட்டு வழி முடிந்ததாகக் குழுவும் கொள்ளாது. நீங்களே கைவிட்டதாகத்தான் பார்க்கும்.

ஆகவே கடிதம் வந்த அன்றே செய்ய வேண்டியவை: உறையை எறியாதீர்கள், தபால் முத்திரையில் உள்ள திகதிதான் உங்கள் சாட்சி. கிடைத்த திகதியைப் போட்டோக்கொப்பியில் எழுதுங்கள், மூலப்பிரதியில் பேனை படக்கூடாது. தமிழில் பதில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை உறையோடு வையுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்குக் கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. தமிழில் கடிதம் தரும்படி கேட்பது சலுகை கேட்பதல்ல.

அடுத்தது மனித உரிமைகள் ஆணைக்குழு, வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. இதைப் பலர் பாதிதான் கேட்டிருக்கிறார்கள். முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்பதற்கு நீதிமன்றம் சான்று கேட்கிறது. அழைப்புக் கடிதம், திணைக்களத்துக்கு ஆணைக்குழு அனுப்பிய கடிதத்தின் பிரதி, இப்படி ஏதாவது கையில் இருக்க வேண்டும். முடிந்தவர்கள் காத்திருக்காமல் உயர் நீதிமன்ற மனுவையே போட்டுவிடுவது பாதுகாப்பு. பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம்.

அதே கிழமையில் தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்தையும் கொடுங்கள். பாகுபாடு என்று சொல்ல ஒப்பீடு வேண்டும். ஒப்பீடு அரச கோப்பில்தான் இருக்கிறது. ஆட்களின் பெயரையோ இனத்தையோ கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். கிராம சேவகர் பிரிவு வாரியாக, எத்தனை விண்ணப்பம், எந்தத் திகதி, என்ன முடிவு என்று கேளுங்கள். எந்தப் பிரிவில் யார் வாழ்கிறார்கள் என்பது ஊரறிந்தது. எண்கள் தாமாகப் பேசும். முடிவு சொல்ல அலுவலருக்கு 14 வேலை நாள்.

உயர் நீதிமன்றம் மனுவை விசாரிக்க அனுமதி மறுத்தாலும், விசாரித்துத் தள்ளினாலும் உள்நாட்டு வழி முடிந்தது. அன்றில் இருந்து ஆறு மாதத்துக்குள் குழுவுக்கு எழுத வேண்டும். வழக்கு இழுபட்டால் இன்னொரு வாசல் உண்டு: நியாயமற்ற தாமதம் இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்லும் மனு ஆண்டுக்கணக்கில் கிடந்தால், ஒவ்வொரு தவணைத் திகதியையும் வரிசையாக எழுதி இணையுங்கள்.

குழுவுக்கு அனுப்பும் மனுவுக்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணி கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் அனுப்புங்கள், தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். பெயரில்லாத மனு ஏற்கப்படாது. ஆனால் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பெயரை அரசுக்குக் கொடுக்கமாட்டார்கள். நடைமுறையில் பெயர் தெரியாமல் அரசு பதில் சொல்வது கடினம் என்பதால், இந்தச் சம்மதம் பற்றி வீட்டில் முதலே கதைத்து முடிவெடுங்கள். அரசு பதில் தர மூன்று மாதம். "எங்கள் இனம் முழுவதும்" என்று எழுதிய மனு நிற்காது. இந்த ஆள், இந்தக் காணி, இந்தத் திகதி என்று எழுதியது நிற்கும்.

வென்றாலும் கட்டளை இல்லை, கருத்துரைதான். சிங்காரசா வழக்கை நினைவில் வையுங்கள். வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்ததால் தண்டிக்கப்பட்டவர் அவர். ஐநாவின் இன்னொரு குழுவான மனித உரிமைக் குழு 2004இல் அவர் பக்கம் தீர்மானித்தது. 2006இல் கொழும்பில் உயர் நீதிமன்றம், அந்தக் குழுவுக்குத் தனியாள் மனு அனுப்ப இடம் தரும் நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. இனப்பாகுபாட்டுக் குழுவின் கருத்துரைக்கும் இதே வாதம் வரலாம். அப்படியானாலும், சர்வதேசப் பதிவேட்டில் ஏறிய ஒரு காணியை "தனிப்பட்ட தகராறு" என்று சொல்லி ஒதுக்குவது பிறகு எந்த அரசுக்கும் கடினம்.

2016க்கு முந்திய விடயங்களை வைத்திருப்பவர்களும் கோப்பைப் பூட்டிவைக்க வேண்டாம். இலங்கையின் அறிக்கையைக் குழு பரிசீலிக்கும்போது அமைப்புகள் மாற்று அறிக்கை கொடுக்கலாம். அங்கே காலத்தடையும் இல்லை, உள்நாட்டு வழி முடிய வேண்டும் என்பதும் இல்லை. இனவாதம் பற்றிய ஐநா விசேட அறிக்கையாளருக்கு எழுதுவதும் அப்படியே. அதற்கும் கேட்பது அதே உறை, அதே திகதி, அதே பற்றுச்சீட்டு.