உண்ணி, தெள்ளுப்பூச்சி, இதயப்புழு: காவல் நாய்க்கு மாட்டு ஊசி போடலாமா?

கேள்வி: ஐயா வணக்கம். ஆட்டுப்பட்டிக்குக் காவலாக இரண்டு நாய்கள் வளர்க்கிறோம். பெரியது 20 கிலோ இருக்கும். இன்னொன்று மூன்று மாதக் குட்டி. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி. பிடுங்கிப் போட்டாலும் சில நாளில் மறுபடி ஏறிவிடுகிறது. தெள்ளுப்பூச்சியும் உண்டு. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசிமருந்து மிச்சம் இருக்கிறது. அதைப் போட்டால் உண்ணியும் போகும், இதயப்புழுவும் வராது என்கிறார்கள். போடலாமா?

பதில்: போட வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 1 சதவீத மாட்டு மருந்தில், ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் ஐவர்மெக்டின் இருக்கிறது. இதயப்புழுவைத் தடுக்க நாய்க்குத் தேவை கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். 20 கிலோ நாய்க்கு 120 மைக்ரோகிராம், அதாவது 0.012 மி.லி. சாதாரண ஊசிக்குழலில் இதை அளந்து எடுக்க முடியாது. கண்ணளவாக அரை மில்லி ஏற்றினால் தேவையைப்போல 40 மடங்குக்கு மேல் போய்விடும். கோலி போன்ற மேய்ச்சல் இன ரத்தம் கலந்த நாய் என்றால் மருந்து மூளைக்குள் புகுந்து தள்ளாட்டம், பார்வை மங்கல், வலிப்பு எல்லாம் வரும், உயிரும் போகலாம். ஏற்கெனவே இதயப்புழுவின் நுண்குஞ்சுகள் ரத்தத்தில் ஓடும் நாய்க்கு இவ்வளவு மருந்து போனால், அவை ஒரேயடியாகச் செத்து நாய் அதிர்ச்சியில் விழக்கூடும்.

உண்ணி திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் நாயிடம் இல்லை, பட்டியில் இருக்கிறது. நாயை விரும்பி ஏறும் பழுப்பு உண்ணி குஞ்சு, இளம்பருவம், வளர்ந்த பருவம் என மூன்று தடவை ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் குடித்து முடித்ததும் உதிர்ந்துவிடும். வயிறு புடைத்த பெண் உண்ணி சுவரேறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். வளர்ந்த உண்ணி ரத்தமே கிடைக்காமல் பல மாதம் காத்திருக்கும். நீங்கள் பிடுங்கியவை போனவைதான். புதிதாக ஏறுபவை சுவரிலிருந்து வருகின்றன.

ஆகவே நாய்க்கும் இடத்துக்கும் ஒரே நாளில் மருந்து கொடுங்கள். ஆடு, நாய், பூனை எல்லாவற்றையும் வெளியேற்றி, குப்பைகூளத்தைக் கூட்டி எரித்துவிட்டு, கொட்டகைத் தெளிப்புக்கென விற்கும் டெல்டாமெத்ரின் போன்ற மருந்தை லேபிளில் உள்ள அளவில் கலந்து அடியுங்கள். தரையை மட்டும் நனைத்துவிட்டு நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. இந்த உண்ணி மேல்நோக்கி ஏறும் குணமுள்ளது. சுவர் விரிசல், கூரை சுவரோடு சேரும் இடம், தூண், கட்டிலின் அடிப்பக்கம் எல்லாம் நனைய வேண்டும். முட்டைக்குள் மருந்து போகாது. பிறகு பொரிப்பவற்றுக்காக இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று தடவை அடியுங்கள். விரிசல்களைப் பூசிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மருந்து நீர் குளத்தில் கலந்தால் மீன் சாகும். பூனைக்கும் இந்த வகை மருந்து விஷம். காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

நாய்க்கு என்ன கொடுப்பது? மண்ணில் புரண்டு மழையில் நனையும் காவல் நாய்க்கு மென்று தின்னும் மாத்திரையே நம்பகமானது என்பது என் கருத்து. அபாக்சோலானர் மாதம் ஒன்று; ஃபுளூரலானர் 12 வாரத்துக்கு ஒன்று, சாப்பாட்டோடு. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். உண்ணி கடித்த பிறகுதான் சாகும் என்பதால் ஓரிரு நாள் உடம்பில் தென்படும். மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

ஃபிப்ரோனில் சொட்டுமருந்து என்றால் 10 முதல் 20 கிலோ வரை 1.34 மி.லி., 20 முதல் 40 வரை 2.68 மி.லி. உங்கள் நாய் எல்லைக்கோட்டில் நிற்கிறது. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். முடியை விலக்கித் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலில் விட வேண்டும். முடிமேல் விட்டாலும், முன்னும் பின்னும் இரண்டு நாளுக்குள் குளிப்பாட்டினாலும் வீண்தான். அமிட்ராஸ் 12.5 சதவீத உண்ணி மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. கலந்து பெரிய நாய்க்கு ஊற்றலாம், துடைக்காமல் உலரவிடுங்கள். குட்டிக்கும் சினை நாய்க்கும் அது கூடாது. குட்டிக்கு எந்த மருந்தானாலும் லேபிளில் உள்ள வயதும் எடையும் பொருந்த வேண்டும்.

கையில் அகப்படும் உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், நெருப்பு வேண்டாம், நசுக்கவும் வேண்டாம்.

தெள்ளுக்கும் மேலே சொன்ன மென்று தின்னும் மாத்திரையே போதும். ஆனால் கூட்டுப்புழுவை எந்தத் தெளிப்பும் எளிதில் கொல்லாது. மூன்று மாதம் விடாமல் கொடுத்து, படுக்கைச் சாக்கை வாராவாரம் வெந்நீரில் துவையுங்கள். ஆசனவாயில் அரிசிபோல ஒட்டியிருந்தால் தெள்ளை விழுங்கியதால் வந்த நாடாப்புழு. பிராசிகுவான்டல் கிலோவுக்கு 5 மி.கி. கொடுக்க வேண்டும்.

இதயப்புழு கொசுவால் வருவது; உண்ணியை ஒழித்தாலும் அது நிற்காது. உண்ணி மாத்திரைகள் பலவற்றில் அதற்கான மருந்து கிடையாது. நாய்க்கென்றே வரும் ஐவர்மெக்டின் அல்லது மில்பெமைசின் மாத்திரையைத் தனியாக மாதந்தோறும் கொடுங்கள். அது முந்தைய ஒரு மாதத்தில் கொசு ஏற்றிய புழுக்குஞ்சைக் கொல்கிறது. சில மாதம் தவறினால் குஞ்சு அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடும். பிறகு 30 செ.மீ. வரை வளர்ந்து, நுரையீரல் தமனியில் 5 முதல் 7 ஆண்டு வாழும். பெரிய நாய்க்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குட்டிக்கு இப்போதே தொடங்கலாம், பரிசோதனையை ஏழு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், காபி நிறச் சிறுநீர், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உண்ணி பரப்பும் ரத்தநோயாக இருக்கலாம். அவற்றில் எர்லிக்கியா என்ற கிருமிக்கு டாக்சிசைக்ளின் கேட்கும். பபேசியா என்ற இன்னொரு கிருமிக்கு வேறு மருந்து. எது என்று ரத்தம் பார்த்தால்தான் தெரியும், அதற்குமுன் வீட்டிலிருக்கும் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள்.