பதில்: ஜீனை அடக்கியும் அராபினோசைலான் குறையவில்லையே?

வணக்கம். ஆர்என்ஏஐ (ஒரு ஜீனின் செயல்பாட்டை ஆர்என்ஏ கொண்டு அடக்கும்) முறையில், அராபினோசைலான் என்ற நார்ச்சத்தை உருவாக்க உதவும் ஜிடி43 ஜீனை அடக்கியும், முழுக் கோதுமை மாவில் அந்த நார்ச்சத்து லேசாகத்தான் குறைந்தது என்கிறீர்கள். ஜீனைச் சந்தேகிக்கும் முன் மாவைப் பாருங்கள். அடக்கும் ஜீனை இயக்க நீங்கள் சொன்ன குளூட்டெனின் புரொமோட்டர் (ஜீனை இயக்கிவிடும் டிஎன்ஏ பகுதி) முளைசூழ்தசையில்தான், அதாவது வெள்ளை மாவாகும் உள்பகுதியில்தான், வேலை செய்யும். அராபினோசைலான் குவிந்திருப்பதோ தவிட்டில். இரண்டையும் சேர்த்து அரைத்தால் வித்தியாசம் அமுங்கித்தான் போகும். தவிட்டைச் சலித்து நீக்கிவிட்டு வெள்ளை மாவில் மறுபடி அளந்து பாருங்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலைய ஆய்வாளர்கள் 2013-இல் சொன்ன 40–50% குறைவும் முளைசூழ்தசையில் பார்த்ததுதான்.

அப்புறம், மாவின் நீர்ச்சாறு எவ்வளவு பிசுபிசுக்கிறது என்பதையும் அளந்துவிடுங்கள். மொத்த அளவைவிட அதில்தான் மாற்றம் பளிச்சென்று தெரியும். ஒப்பீட்டுக்குச் சாதாரண விதை போதாது; மரபணு மாற்றிய அதே செடியின் சந்ததியில், புகுத்திய ஜீன் வந்து சேராத செடியின் விதையை எடுங்கள்.