‘ரெண்டும் ரைசன் 5தான் சார்!’

பாளையங்கோட்டையில் 19 வருடமாக லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லூரி திறக்கும் மாதம் வந்துவிட்டால் ரிப்பேருக்கு வருகிறவர்களைவிட, ‘அக்கா, எதை வாங்கலாம்?’ என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலும் அதே கேள்விதான், வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு.

மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். கடையில் இரண்டு லேப்டாப் காட்டினார்கள். இரண்டிலும் ரைசன் 5, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விலையில் மட்டும் 6,000 ரூபாய் வித்தியாசம். ‘ரெண்டும் ரைசன் 5தான் சார், ஒண்ணுமே வித்தியாசம் இல்ல’ என்கிறார் கடைப் பையன். விலை குறைந்ததையே வாங்கிவிடட்டுமா?
– ஒரு தந்தை, கடையநல்லூர்

ஐயா, கடிதத்தோடு விலை அட்டையின் போட்டோவையும் அனுப்பினீர்களே, அதுதான் காப்பாற்றியது. ‘ரைசன் 5’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே பொடி எழுத்தில் விலை குறைந்ததில் 7520யு, மற்றதில் 7530யு என்று இருக்கிறது. பார்த்தால் பத்து எண் வித்தியாசம். உள்ளே போனால் ஒரு தலைமுறையே வித்தியாசம்.

ரைசன் என்பது ஏஎம்டி கம்பெனியின் பிராசசர், லேப்டாப்பின் மூளையான சிப். இந்த வரிசையில் முதல் எண்ணான 7 என்பது 2023ஆம் வருட மாடல் என்பதைச் சொல்கிறது. சிப்பின் உள் அமைப்பு எந்தக் காலத்தது என்பதைச் சொல்வது மூன்றாவது எண். 7520இல் அது 2, அதாவது ஜென் 2. அந்த அமைப்பு வந்தது 2019இல். 7530இல் அது 3, ஜென் 3, வந்தது 2020இல். கோர் என்பது சிப்பில் வேலை செய்கிற கை மாதிரி: முன்னதில் 4 கோர், பின்னதில் 6 கோர். சிப்புக்குள்ளேயே இருக்கும் அவசர நினைவகமான எல்3 கேஷ் முன்னதில் 4 எம்பி, பின்னதில் 16 எம்பி. பையன் பொய் சொல்லவில்லை, இரண்டும் ரைசன் 5தான். தேரும் ரதம்தான், குதிரை வண்டியும் ரதம்தான்.

ஆனால் என்னை உறுத்துவது வேகம்கூட இல்லை, ரேம். 7520யு சிப்புக்கு எல்பிடிடிஆர்5 வகை ரேம் மட்டும்தான் ஒத்துவரும். அது மதர்போர்டிலேயே பற்றவைத்து வருவது. நாங்கள் ‘ஆன்போர்டு’ என்போம். 8 ஜிபி வாங்கினால் சாகும்வரை 8 ஜிபி. இரண்டாம் வருடம் மொபைல் ஆப் எழுதுகிற ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையும், திரையிலேயே போனைப் போல ஓடுகிற எமுலேட்டரையும் உங்கள் மகள் சேர்த்துத் திறக்கிற அன்று தெரியும். பக்கத்தில் இரண்டு குரோம் டேப் இருந்தால் போதும், மவுஸே நகராது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2020இல் மகனின் ஆன்லைன் வகுப்புக்கு அவசரத்தில் ஒரு லேப்டாப் வாங்கினேன். 4 ஜிபி ரேம், எஸ்எஸ்டிக்குப் பதில் 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவு சேமிப்பு, இரண்டுமே ஆன்போர்டு. ஊருக்கெல்லாம் சொல்கிறவள், எனக்கு வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டே மாதத்தில் விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடமில்லை. இப்போது அது கடையில் டோக்கன் நம்பர் காட்டிக்கொண்டிருக்கிறது.

7530யு வைத்து வருகிற எல்லா மாடலிலும் ரேம் ஸ்லாட் இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். சிலவற்றில் ஆன்போர்டு மட்டும், சிலவற்றில் ஆன்போர்டோடு ஒரு காலி ஸ்லாட், சிலவற்றில் இரண்டு ஸ்லாட். கடைக்காரரிடம் கேட்காதீர்கள், லேப்டாப்பிடமே கேளுங்கள். டெமோ பீஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. கீழே ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்று ஒரு வரியும், ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்று ஒரு வரியும் இருக்கும். ‘சோடிம்’ என்று காட்டினால் கழற்றி மாட்டுகிற ரேம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று காட்டினால் பற்றவைத்தது. மாடல் பெயரை வைத்து கம்பெனியின் தளத்திலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லாட் இருந்தால் 7530யு லேப்டாப்பையே வாங்கி, கூடவே இன்னொரு 8 ஜிபியும் போட்டுவிடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படம் காட்டும் வேலைக்கும் இதே ரேம்தான். ஒற்றை ரேமாக இருப்பதைவிட இரட்டையாக இருந்தால் அந்தப் பக்கமும் நன்றாகவே வேகம் கூடும். ஸ்லாட்டே இல்லையென்றால் 16 ஜிபி ஆன்போர்டில் தேடுங்கள். 6,000 ரூபாயை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

512 ஜிபி எஸ்எஸ்டி என்று வாங்கினேன். விண்டோஸில் 476தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு கல்லூரி மாணவர், நாகர்கோவில்

இல்லை தம்பி. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. சரக்கு அதேதான், படிதான் வேறு.

கணக்கு எழுதும் வேலை. டேலி, எக்ஸெல், ஜிஎஸ்டி போர்ட்டல், இவ்வளவுதான். ஐ7 வாங்கினால் பத்து வருடம் ஓடும் என்று நண்பர் சொல்கிறார். 12,000 ரூபாய் கூடுதல். வாங்கலாமா?
– ஒரு கணக்காளர், விருதுநகர்

வேண்டாம். இன்டெல் சிப்களில் உங்கள் வேலைக்கு ஐ5 போதும், ஐ3கூடப் போதும். ஐ7 என்ற பெயருக்கு நம் ஊரில் தங்கத்துக்கு உள்ள மரியாதை இருக்கிறது. ஆனால் கடைசி எழுத்தைப் பார்க்காமல் ஐ7 என்பதற்கே பாதி அர்த்தம்தான். உதாரணத்துக்கு, ஐ7 1255யு சிப்பில் பெரிய கோர் 2, சிறிய கோர் 8. ஐ5 12450எச் சிப்பில் பெரியது 4, சிறியது 4. யு என்பது 15 வாட்டில் சிக்கனமாக ஓட வைத்தது, எச் என்பது 45 வாட் தீனி. தொடர்ந்து அரை மணி நேரம் வீடியோ எடிட் செய்தால் பல சமயம் அந்த ஐ5தான் முந்தும். பேட்டரியில் யு முந்தும். டேலியில் இரண்டையும் உங்களால் பிரித்துச் சொல்லவே முடியாது.

அந்தப் பணத்தை நீங்கள் நாள் முழுக்கப் பார்க்கிற, தட்டுகிற இடத்தில் போடுங்கள். முதலில் கீபோர்டு. வலது பக்கம் தனியாக எண் பலகை இல்லாத 14 இஞ்ச் லேப்டாப்பை வாங்கிவிட்டு, வவுச்சர் போடும்போது என்னைத் திட்டாதீர்கள். அடுத்தது ஸ்கிரீன். ‘ஃபுல் எச்டி’ என்பது மட்டும் போதாது. 1920க்கு 1080 என்பதற்குப் பதில் 1920க்கு 1200 இருந்தால், எக்ஸெலில் நாலைந்து வரி கூடுதலாகத் தெரியும். விவரப் பட்டியலில் ‘டிஎன்’ (பழைய வகை பேனல்) என்றோ, ‘250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்றோ இருந்தால் அது மலிவு ஸ்கிரீன். நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு, என்டிஎஸ்சி சதவீதம் என்பது காட்டும் நிறங்களின் அளவு. இரண்டாவது வகையாவது கண்ணுக்குப் பரவாயில்லை, சிவப்பு மட்டும் செங்கல் நிறத்தில் தெரியும். டிஎன்னில் கொஞ்சம் தலையைச் சாய்த்தாலே எழுத்து வெளுத்துவிடும். கணக்குக்கு நிறம் முக்கியமில்லை, ஆனால் ஜன்னல் ஓரம் உட்காருகிறவர் என்றால் 300 நிட்ஸுக்குக் கீழே போகாதீர்கள். தொழில் பெயரில் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கே நான் இதைச் சொல்ல வேண்டுமா!

ஆர்க்கிடெக்சர் சேர்ந்திருக்கிறேன். அப்பா மேக்புக் ஏர் வாங்கித் தருகிறேன் என்கிறார். சீனியர்கள் ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் லேப்டாப் வாங்கு என்கிறார்கள்.
– ஒரு மாணவி, மதுரை

அப்பாவிடம் நன்றி சொல்லிவிட்டு, சீனியர்கள் பேச்சைக் கேளம்மா. மேக்புக் ஏர் நல்ல பொருள். பேட்டரியில் அதை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. ஆனால் கட்டட வடிவமைப்புக்கான ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் என்ற சாஃப்ட்வேர்கள் இரண்டுக்கும் மேக் பதிப்பே கிடையாது. ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும் மட்டும் போதும் என்று உன் கல்லூரி எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம்.

4050 என்ற பெயரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை, லேப்டாப் கம்பெனி விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். ஒல்லி லேப்டாப்பில் பெரும்பாலும் குறைந்த வாட்தான். அதே ரெண்டர், அதாவது மாடலை முழுப் படமாக்கும் வேலை, முடிய அதிக நேரம் எடுக்கும். விவரப் பட்டியலில் ‘டிஜிபி’ (கார்டுக்குக் கொடுத்திருக்கும் வாட்) என்று தேடிப் பார். எடையையும் பார்த்துவிடு. லேப்டாப் இரண்டேகால் கிலோ, அடாப்டர் அரை கிலோ. பஸ்ஸில் போகிறவள் நீதான், சீனியர்கள் இல்லை.

தம்பி பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறது. திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. பள்ளியில் எமிஸ் (கல்வித்துறையின் இணையதளம்) பதிவுக்கும் கேள்வித்தாள் தட்டச்சுக்கும்தான் எனக்குத் தேவை. புதிது வாங்கியே ஆக வேண்டுமா?
– ஓர் ஆசிரியை, சங்கரன்கோவில்

வேண்டாம் டீச்சர், அவசரப்படாதீர்கள். அந்த லேப்டாப்கள் நூறு நூறாக என் மேசைக்கு வந்திருக்கின்றன. போர்டு கெட்டியாகத்தான் இருக்கும். நோயெல்லாம் ஹார்டு டிஸ்கில். உள்ளே தட்டு சுற்றச் சுற்ற, முள் ஓடி ஓடித் தேட வேண்டும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிக்கிறது. அந்த ஓட்டத்தில்தான் உங்கள் பத்து நிமிடம் போகிறது. அதே அளவில், இரண்டரை இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று 256 ஜிபியில் மாட்டினால் போதும். நாலு ஸ்க்ரூ வேலை. பழைய டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தம்பியின் படங்கள் அதில்தான் இருக்கும். ரேம் 2 ஜிபி என்றால் அதையும் கூட்டுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கோ இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், பழைய லேப்டாப்பில் இரண்டும் இராது. நான் இப்படிப்பட்டவற்றில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். எமிஸுக்குத் தேவை பிரவுசர்தான். வேர்டு மாதிரியான லிப்ரே ஆபீஸில் கேள்வித்தாள் அடிக்கலாம், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்கள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி செத்திருக்கும், மேசையில் வைத்து வேலை செய்கிறவருக்கு அது ஒரு குறையா?

பெரிய கம்பெனிகள் கழித்த லேப்டாப், 8ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி, பாதி விலைக்குக் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

வாங்கலாம். அதே விலைக்குக் கிடைக்கும் புது செலெரான் (இன்டெல்லின் மலிவு சிப்) லேப்டாப்பைவிட இது எவ்வளவோ மேல். பில்லும் மூன்று மாத வாரண்டியும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு கையால் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் கீல் (ஹிஞ்ச்) கரகரவென்றால் வேண்டாம். பேட்டரியில் வைத்து ஒரு மணி நேரம் யூடியூப் ஓடட்டும், நீங்கள் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் முக்கியமானது: பணம் கொடுக்கும் முன், உங்கள் கண் எதிரிலேயே விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி, நெட்டில் இணைக்கச் சொல்லுங்கள். திரையில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து, அந்தக் கம்பெனி மெயில் ஐடி கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் பூட்டில்தான் இருக்கிறது. விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்பான பயாஸில் நுழையும்போது பாஸ்வேர்டு கேட்டாலும் அப்படியே மூடி வைத்துவிடுங்கள். ‘அத நாங்க எடுத்துத் தர்றோம் சார்’ என்பார்கள். எடுத்த பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.