சுவிட்சை அணைக்காதீர்கள் என்று மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு 51 வயது. கடலூர் முதுநகரில் இருக்கிறோம். ஆறு வருடமாக ருமட்டாய்டு மூட்டுவாதம். புதுச்சேரி ஜிப்மரில் வைத்தியம். வீக்கம் வடிந்திருக்கிறது, ஆனால் காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது எல்லா அறைக்கும் ஸ்மார்ட் பல்பு, கீசருக்கு ஸ்மார்ட் பிளக், பேசினால் கேட்கும் ஸ்பீக்கர், கைக்கு வாட்ச் என்று வாங்கி மாட்டிவிட்டுப் போனான். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. பிறகு நெட் கம்பெனிக்காரர் ரூட்டரை மாற்றினார். அன்றிலிருந்து எதுவும் சொல்பேச்சு கேட்பதில்லை. கரண்ட் போய் வந்தால் நடுராத்திரியில் பல்பு எல்லாம் பளீரென்று எரிகிறது. பில் ஏறும் என்று மாமியார் சுவிட்சை அணைத்துவிடுகிறார். வாட்ச் நாள் முழுக்க எழுந்து நடக்கச் சொல்கிறது. போனில் மாத்திரை நினைவூட்டல் தினமும் அடிக்கிறது, அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகிவிட்டேன். நாத்தனாரோ, “உங்களுக்கென்ன அண்ணி, வாயால சொன்னா வீடே வேலை செய்யுது” என்கிறாள். எல்லாவற்றையும் கழற்றிப் பரணில் போட்டுவிடலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போன மாத்திரை நினைவூட்டலில் இருந்துதான் தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் எரிச்சல். இது ஆபத்து.

உங்கள் நோய்க்குப் பெரும்பாலும் எழுதித் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட், வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. போனில் நினைவூட்டல் போடும்போது பல செயலிகளில் ‘தினமும்’ என்பதுதான் தானாக வந்து நிற்கும். அவசரத்தில் போடுகிற பிள்ளைகள் அதை மாற்ற மறந்துவிடுவார்கள். நீங்கள் விவரம் தெரிந்தவர், தினமும் சாப்பிடமாட்டீர்கள். ஆனால் நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும் ஒரு நாள், போன் கத்துவதைக் கேட்டு வீட்டில் யாரோ நல்ல மனதோடு மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டினால்? தினமும் உள்ளே போனால் வாயெல்லாம் புண் வரும், ரத்த அணுக்கள் குறையும், சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும். அப்படித் தவறிச் சாப்பிட்டது தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சீட்டை எடுத்துப் பாருங்கள். அந்த மாத்திரை இருந்தால் நினைவூட்டலைத் திறந்து ‘ரிபீட்’ என்ற இடத்தில் ‘வீக்லி’ என்று மாற்றி, டாக்டர் சொன்ன கிழமையை மட்டும் வையுங்கள். பெயரும் வெறும் ‘மாத்திரை’ என்று இருக்க வேண்டாம்; ‘மெத்தோட்ரெக்ஸேட், ஞாயிறு மட்டும்’ என்று கிழமையோடு இருக்கட்டும். இதோடு சேர்த்துத் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்குச் சீட்டில் இருக்கும் கிழமைப்படி தனி நினைவூட்டல். அட்டையின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் கிழமையை எழுதிவிடுங்கள். இந்த மாத்திரை 2.5, 5, 7.5, 10, 15 மில்லிகிராம் என்று பல அளவில் வருகிறது, அட்டைகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். டோஸ் மாறியிருந்தால் பழைய அட்டையை அதே டப்பாவில் வைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, சளி என்று வேறு டாக்டரிடம் போனால் இந்த மாத்திரையின் பெயரை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கோட்ரைமாக்ஸசோல் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் இதோடு சேரவே கூடாது. மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை கேட்டு வாங்குவதும் வேண்டாம்.

இன்னொன்று. வீக்கம் வடிந்த பிறகும் காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்கவில்லை என்றால், வயதாகிவிட்டது என்று சும்மா இருக்கக் கூடாது. நோய் உள்ளுக்குள் முழுசாக அடங்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அடுத்த முறை ஜிப்மர் போவதற்கு முந்தைய இரண்டு வாரம், கண் விழித்த நேரத்தையும் டம்ளரை ஒரு கையால் இறுக்கிப் பிடிக்க முடிந்த நேரத்தையும் காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள். “வலிக்குது டாக்டர்” என்பதைவிட “14 நாளில் 11 நாள் 60 நிமிடத்துக்கு மேல் ஆச்சு” என்பது அவருக்கு மருந்தை மாற்றலாமா என்று முடிவெடுக்க உதவும்.

இனி ரூட்டர். உங்கள் பல்பும் பிளக்கும் கெட்டுப்போகவில்லை. பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஞாபகம் வைத்துக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருக்கின்றன. வந்தவர் புது ரூட்டருக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டுப் போயிருப்பார். பொருட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி சேர்க்க வேண்டியதில்லை. புது ரூட்டருக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் வைத்தால் போதும். உங்கள் போனிலேயே அது இருக்கும். செட்டிங்ஸ், வைஃபை, ‘சேவ்டு நெட்வொர்க்ஸ்’ என்று போய்ப் பழைய பெயரைத் தொட்டு ‘ஷேர்’ கொடுத்தால், பல ஆண்ட்ராய்டு போன்களில் கட்டம் கட்டமான ஒரு படமும் அதன் கீழே பாஸ்வேர்டும் தெரியும். அதைத் தாளில் அப்படியே எழுதுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் விட்ட இடம் எல்லாம் கணக்கு. ஒன்று மாறினாலும் சேராது.

நெட் கம்பெனிக்குப் போன் செய்து இந்தப் பெயரை வைத்துத் தரச் சொல்லுங்கள். கூடவே இரண்டு விஷயம் சொல்லுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் ஒரே பெயரில் இருக்க வேண்டாம், பழைய பெயர் 2.4க்கு இருக்கட்டும், பெரும்பாலான ஸ்மார்ட் பல்புகளுக்கு அந்த அலைவரிசை மட்டும்தான் தெரியும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 ஆக இருக்கட்டும். அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3ஐ மட்டும் வைத்தால் பல பழைய பல்புகள் உள்ளே வராது. மாற்றியதும் பல்பையும் பிளக்கையும் ஒரே ஒரு முறை அணைத்துப் பத்து விநாடி விட்டுப் போடுங்கள். சில நிமிடத்தில் தானாக வந்து சேர்ந்துவிடும்.

ஒரே ஒரு முறை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த பல்புகளைத் தொடர்ந்து மூன்று முதல் ஐந்து முறை அணைத்து அணைத்துப் போட்டால், புதிதாகச் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பழையதை எல்லாம் மறந்துவிடும். பல்பு படபடவென்று கண் சிமிட்ட ஆரம்பித்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஐப்பசி மழையில் கரண்ட் வந்து, போய், வந்து, போய் என்று விளையாடும்போது யாரும் தொடாமலேயே இது நடக்கும். எரிச்சலில் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தாலும் நடக்கும். அப்படிச் சிமிட்டும் பல்பை மட்டும் செயலியில் மறுபடி சேர்த்தாக வேண்டும். அதற்கு உங்கள் போன் எண்ணிலேயே கணக்கு இருப்பது நல்லது. இப்போது எல்லாம் மகன் பெயரில் இருக்கும், ஓடிபி சிங்கப்பூருக்குப் போகும். செயலியில் வீட்டின் உறுப்பினராக உங்களைச் சேர்த்து ‘அட்மின்’ ஆக்கச் சொல்லுங்கள். பிளக்கில் இருக்கும் குட்டி பட்டனை ஐந்து விநாடி அழுத்த வேண்டி வந்தால் பெருவிரலால் அழுத்தாதீர்கள். விரல் நுனியில் ஒரு கிலோ இறுக்கினால் பெருவிரலின் அடி மூட்டில் அது பத்துப் பன்னிரண்டு மடங்காக ஏறும். பென்சிலின் ரப்பர் முனையை உள்ளங்கையில் பிடித்து அழுத்துங்கள்.

நடுராத்திரி வெளிச்சத்துக்கு: கரண்ட் திரும்பியதும் எரிய வேண்டும் என்பது பல்போடு வரும் ஏற்பாடு. செயலியில் பல்பைத் தொட்டு, மேல் மூலையில் இருக்கும் பென்சில் அல்லது சக்கரக் குறிக்குள் போனால் ‘பவர் ஆன் பிஹேவியர்’ அல்லது ‘பவர் ஆஃப் மெமரி’ என்று இருக்கும். அதை ‘லாஸ்ட் ஸ்டேட்’ என்று மாற்றினால் அணைந்திருந்தது அணைந்தே இருக்கும். ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரூட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது; ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்க வேண்டும்.

கீசரில் கவனம் தேவை. 2000 வாட் கீசர் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும், 3000 வாட் என்றால் 13. அதற்கு 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும். மகன் மாட்டியது பத்து ஆம்பியர் என்றால் இன்றே கழற்றுங்கள். முதுநகர் உப்புக் காற்றில் பிளக்கின் பித்தளை முனை பச்சை படிந்து, தொடர்பு சரியில்லாமல் சூடேறும். மாதம் ஒரு முறை பாருங்கள்; முனை கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். நல்ல பிளக்காக இருந்தால் உங்களுக்கு இதைவிட உதவியான பொருள் வீட்டில் இல்லை. 15 லிட்டர் கீசருக்குக் கால் மணி நேரம் போதும். 5.45க்குப் போட்டு 6 மணிக்கு அணையும்படி அட்டவணை வைத்துவிட்டால், எழுந்ததும் பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம் கையை முக்கி, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மெதுவாக மடக்கி நீட்டலாம்.

இப்போது மாமியார். விளக்கை அணைப்பது அவருக்கு ஆயுள் பழக்கம். சுவிட்சில் தாள் ஒட்டினாலும் இருட்டில் கை அங்கேதான் போகும். கணக்கைச் சொல்லிப் பார்க்கலாம்: சும்மா காத்திருக்கும் ஸ்மார்ட் பல்பு ஏறத்தாழ அரை வாட் தின்னும், ஐந்து பல்புக்கு இரண்டு மாத ரீடிங்கில் சுமார் 3.6 யூனிட். ஆனால் இது கணக்கால் தீரும் விஷயமில்லை என்பதே எங்கள் எண்ணம். அவருக்குச் சுவிட்ச் வேண்டும், உங்களுக்குச் சுவிட்ச் வேண்டாம். வீடு இரண்டு பேருக்கும் சொந்தம். ஹால், சமையலறை, பூஜையறை, குளியலறை பல்புகளைக் கழற்றிவிட்டுப் பழையபடி சாதா எல்இடி போடுங்கள். ஸ்மார்ட் பல்பு உங்கள் படுக்கையறையில் ஒன்று போதும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு கரண்டுக்குக் காத்திருந்த ஊர் இது. நெட் இல்லாமல் விளக்கு எரியாத வீடு கடலூருக்குச் சரிப்படாது.

உங்கள் விரலுக்கு நோகாமல் ஹால் விளக்கு வேண்டுமென்றால் அகலமான சுவிட்ச் மாற்றச் சொல்லுங்கள், புறங்கையாலும் முழங்கையாலும் தட்டலாம். சுவிட்சுக்குப் பின்னால் பொருத்தும் சின்ன ஸ்மார்ட் மாட்யூலும் உண்டு. சுவிட்சும் வேலை செய்யும், குரலும் வேலை செய்யும். பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் வயர் வேண்டும். அதே போர்டில் பிளக் பாயிண்ட் இருந்தால் நியூட்ரல் அங்கே வந்திருக்கும்.

ஸ்பீக்கரில் பொருட்களுக்கு வைத்த பெயர்களை மாற்றிப் பாருங்கள். ‘பெட்ரூம் லைட்’, ‘பெட்ரூம் லேம்ப்’ என்று ஒட்டிப் பிறந்த பெயர்கள் இருந்தால் அது குழம்பும். போனில் செட்டிங்ஸ், ‘ஆக்சஸிபிலிட்டி’ போய் ‘டச் அண்ட் ஹோல்ட் டிலே’யை ‘லாங்’ ஆக்கினால், விரல் தயங்கி நிற்கும்போது தேவையில்லாதது திறப்பது குறையும்.

வாட்ச் சொல்லும் 10,000 காலடி மருத்துவர் எழுதிய அளவில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயர்தான் ‘பத்தாயிரம் அடி மீட்டர்’. அங்கிருந்து பரவியது. இலக்கை நீங்களே வையுங்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் நடந்து, வலி அதிகமான நாளில் எத்தனை அடி வந்ததோ அதை இலக்காக்குங்கள். அது 1,800 என்றாலும் சரி. இரண்டு வாரம் தாங்கினால் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். உங்களுக்கு உண்மையான ஆபத்து நடக்காத நாளில் இல்லை, நன்றாக இருக்கிற நாளில் இருக்கிறது. அன்றைக்குத்தான் துணி, மாவு, பரண் என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த மூன்று நாள் படுக்கிறீர்கள். ஆகவே எழுந்து நடக்கச் சொல்லும் வாட்ச் நினைவூட்டலை அணைத்துவிட்டு, வேலை தொடங்கும்போது 20 நிமிட டைமர் வையுங்கள். அடித்ததும் வேலை பாதியில் இருந்தாலும் உட்காருங்கள். மணிக்கட்டு வீங்கிய நாளில் வாட்சே வேண்டாம்.

நாத்தனாருக்கு நோயை விளக்கிக் களைத்துப் போகாதீர்கள். அடுத்த முறை அதே பேச்சு வந்தால், கையில் ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்து, “இந்த மூடியைத் திறந்து கொடும்மா, என்னால முடியல” என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். குத்தல் இல்லாமல், உண்மையாகவே உதவி கேட்டு. வலி வெளியே தெரியாது, திறக்க முடியாத மூடி தெரியும். முடவாட்டுக்கால், லேகியம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு, “டாக்டரைக் கேட்டுட்டுச் சாப்பிடறேன்” என்று சொல்லுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்து. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சூரணத்தை அதோடு சேர்க்கக் கூடாது.

கணவரிடமும் “கொஞ்சம் உதவுங்க” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். காலை 6 முதல் 7 வரை குக்கர் மூடி, தேங்காய் உடைப்பது, தண்ணீர்க் குடம் மூன்றும் அவர் வேலை என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். கேஸ் குமிழ் இறுக்கமாக இருந்தால் ஸ்டவ் ரிப்பேர்காரரிடம் சொல்லிக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை.

பரணுக்குப் போக வேண்டியவை அந்த நான்கு பல்புகள் மட்டும். ரூட்டர் வேலையை ஞாயிற்றுக்கிழமை மகனை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு செய்யலாம். மாத்திரை நினைவூட்டலை இன்று ராத்திரி தூங்கப் போவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.