கால்சிடோனின் ஏறுகிறது, ஸ்கேனில் ஒன்றுமில்லை: ரேடியோ அயோடின் கொடுக்கலாமா?

மெடுல்லரி தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் உங்கள் தந்தைக்கு இரத்தத்தில் கால்சிடோனின் (இந்த நோயின் செல்கள் சுரக்கும் ஹார்மோன்) ஏறுவதாகவும், ஸ்கேனில் எதுவும் அகப்படவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். இதே நோயுடன் எட்டு ஆண்டுகளாக இருக்கும் அம்மாவின் ரிப்போர்ட்டுகளைக் கோப்பில் அடுக்கி வைப்பவன்.

ரேடியோ அயோடின், அதாவது கதிர்வீச்சு உள்ள அயோடின், இங்கே பயன்படாது. எங்களுக்கும் ஒரு மருத்துவமனையில் அதைத்தான் சொன்னார்கள். இந்த நோய் தொடங்குவது அயோடினை உறிஞ்சும் தைராய்டு செல்களில் அன்று, கால்சிடோனினைச் சுரக்கும் சி செல்களில். அவை அயோடினை ஏற்பதே இல்லை. அந்தத் தைராய்டு செல்கள் சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் பரிசோதனை இங்கே உதவாததற்கும் காரணம் இதுவே.

எண்ணைவிட அது ஏறும் வேகமே முக்கியம் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். அம்மாவுக்கு அறுவைக்கு மூன்று மாதம் கழித்துக் கால்சிடோனின் 46 (பிகோகிராம்/மி.லி.) இருந்தது. 98 ஆக நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை மருத்துவர் கழுத்து அல்ட்ராசவுண்டும் சிஇஏ (இரத்தத்தில் பார்க்கும் மற்றொரு புற்றுநோய்க் குறியீடு) பரிசோதனையும் தவிர வேறு எதற்கும் அனுப்பவில்லை; எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. பிறகு 11 மாதங்களில் 214 ஆனது. அளவு இரட்டிப்பாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனால் ஓரளவு நிம்மதி, ஆறு மாதத்திற்குள் என்றால் கவலை என்பார்கள். 150ஐத் தாண்டினால் நெஞ்சு, ஈரல், எலும்பு வரை தேடுவார்கள். அந்தத் தேடலில் இடது கழுத்தில் 9 மி.மீ. நெறிக்கட்டி ஒன்று மட்டும் தெரிந்தது. ஊசியால் குத்தி எடுத்தபின் அந்த ஊசியை உப்புநீரில் கழுவி, கழுவிய நீரிலேயே கால்சிடோனின் பார்த்தார்கள். செல் பரிசோதனை தெளிவாகச் சொல்லாததை அந்தத் துளி நீர் சொல்லிவிட்டது. அந்தப் பக்க நெறிகளை அகற்றியபின் 31க்கு இறங்கி, மூன்று ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறது. பூஜ்யம் ஆகவில்லை.

ஒரே ஆய்வகத்தில் தொடர்ந்து பாருங்கள். ஆய்வகம் மாறினால் எண்ணும் மாறும். வாண்டெட்டனிப், கபோசான்டினிப், 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செல்பெர்கட்டினிப் ஆகிய மருந்துகள் நோய் பரவி வளரும்போது கொடுப்பவை, எண் மட்டும் ஏறும் நிலைக்கு அல்ல.

தந்தைக்கு ரெட் (RET) என்ற மரபணுவில் மாற்றம் உண்டா என்று இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா? இந்த நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. அவருக்கு அந்த மாற்றம் இருந்தால், நீங்களும் உடன்பிறந்தவர்களும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.