ஈராக் காவல் வேலைக்கு 9 இலட்சம் கேட்கிறார்கள்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மஸ்கெலியா பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்கு 34 வயது, கொழும்பில் ஒன்பது வருடமாக செக்குரிட்டி வேலை. ஓவர்டைமோடு கைக்கு 60,000 ரூபா வரும். ஹட்டனில் ஒரு ஏஜென்ட், ஈராக்கில் அமெரிக்க முகாமொன்றில் காவல் வேலை, மாதம் 1,100 டொலர், ஒரு வருட ஒப்பந்தம் என்கிறார். முதலில் விசிட் விசாவில் துபாய், அங்கே பேப்பர் வேலை முடித்து ஈராக்காம். 50,000 முற்பணமும் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டோம். இன்னும் 9 இலட்சம் கட்ட வேண்டும். நகைக்கு வங்கியில் 4 இலட்சம் கிடைக்கும். மீதி 5 இலட்சத்தை மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்குத் தர ஒருவர் இருக்கிறார். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தை எடுக்கலாமா? ஆயுள் காப்புறுதியும் ஒன்று இருக்கிறது. இரண்டு பிள்ளைகள். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, நகையை அடகு வைக்க வேண்டாம், வட்டிப் பணத்தையும் தொட வேண்டாம். இந்த வேலைக்கு, இந்த வழியில், உங்கள் கணவர் போகக் கூடாது.

முதலில் கணக்கு. ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்தால் சம்பளம் 3,30,000. அவர் கைச்செலவு போக 2,80,000 அனுப்பி, வீட்டுக்கு 70,000 எடுத்தால், கடனுக்கு மாதம் 2,10,000 மிஞ்சும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டி, பணம் வாங்கிய அன்றே ஓடத் தொடங்கும். 5 இலட்சத்துக்கு மாதம் 25,000, அடகுக்கு ஏறக்குறைய 6,000. விசா, மருத்துவம், பயணம் எல்லாம் முடிந்து முதல் சம்பளம் வர நான்கு மாதம் என்றால், கடன் 10,24,000 ஆகியிருக்கும். வட்டிக்காரரை முதலில் முடித்து, பிறகு நகையை மீட்டாலும், ஆறாவது சம்பளத்தில்தான் கடன் தீரும். அவர் மூன்றாம் மாதம் திரும்பி வந்தால் நான்கு இலட்சத்துக்கு மேல் கடன் நிற்கும். துபாயிலேயே மாட்டிக்கொண்டால் முழுக்கடனும் 60,000 சம்பளத்தின் தலையில்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. கடன் வாங்கிப் போனவரால் வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. இங்கே ஒரு ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கி, போய் இறங்கியதும் வேறொன்றை நீட்டுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். சம்பளம் 1,100 என்றிருந்தது 600 ஆகும், முகாம் வாசல் காவல் என்றிருந்தது லொறித் தொடருக்குக் காவல் ஆகும். வாசல் காவலையும் வீதிக் காவலையும் ஒரே ஆபத்தாக நினைக்காதீர்கள். கண்ணிவெடியும் பதுங்கித் தாக்குதலும் வீதியில்தான் அதிகம். ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டாவது தாளில் யார்தான் கையொப்பம் போடமாட்டார்கள்? ரஷ்யாவுக்குப் போன நம் நாட்டு ஓய்வுபெற்ற படைவீரர்களையே பாருங்கள். போர்முனைக்கு அப்பால் வேலை என்று நம்பிப் போனவர்கள் உக்ரைன் போர்முனையில் விடப்பட்டார்கள். 2024 மே மாதம் அரசு உறுதிசெய்த மரணங்கள் மட்டும் 16.

ஏஜென்ட் ‘அமெரிக்க முகாம்’ என்கிறாரே, அதை அவருக்கே திருப்பிக் கேளுங்கள். அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் நிறுவனமோ அதன் உப ஒப்பந்தக்காரரோ தொழிலாளியிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்க அந்நாட்டுக் கொள்வனவு விதி இடம் தராது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும் தடை. ஆகவே வேலை உண்மையென்றால் 9 இலட்சம் விதிமீறல். 9 இலட்சம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வேலை அவர் சொல்வது அல்ல.

காப்புறுதி விஷயத்தில்தான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. உங்களிடம் உள்ள ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தில் ‘விலக்குகள்’ என்ற பகுதியைப் படியுங்கள். போர், போர் போன்ற நடவடிக்கை, உள்நாட்டுக் கலவரம் ஆகியவற்றால் வரும் மரணத்துக்குப் பணம் இல்லை என்று பெரும்பாலான பத்திரங்களில் இருக்கும். தொழில் மாறியதை அறிவிக்காவிட்டால் அதைச் சொல்லியும் மறுப்பார்கள்.

உண்மையான அமெரிக்க ஒப்பந்தமாக இருந்தால் 1941ஆம் ஆண்டின் பாதுகாப்புத் தளச் சட்டம் (Defense Base Act) என்ற அமெரிக்க இழப்பீட்டுச் சட்டம் எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். காப்புறுதி எடுப்பது முதலாளியின் கடமை. கணவர் இறந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். 1,100 டொலர் சம்பளத்துக்கு அது மாதம் சுமார் 733 டொலர். வெளிநாட்டவர் என்பதால், இனி வர வேண்டிய கொடுப்பனவுகளின் பெறுமதியில் பாதியை ஒரே தொகையாகக் கொடுத்து முடிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. காயத்தை 30 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், கோரிக்கையை ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். முதன்மை ஒப்பந்தக்காரரின் பெயர், ஒப்பந்த இலக்கம், காப்புறுதி நிறுவனத்தின் பெயர் ஆகிய மூன்றும் உங்கள் கையில் இல்லாவிட்டால், மஸ்கெலியாவில் இருந்துகொண்டு யாரிடம் கேட்பீர்கள்?

அமெரிக்க ஒப்பந்தம் அல்ல என்றால் முதலாளி வாங்கிய காப்புறுதிப் பத்திரம்தான் எல்லாம். வேலை நேரத்துக்கு மட்டுமா, 24 மணி நேரத்துக்குமா என்று பாருங்கள். 2016 ஜூனில் காபூலில் கனடா தூதரகத்தின் நேபாளக் காவலர்கள் கொல்லப்பட்டது வாசலில் நின்றபோது அல்ல, வேலைக்குப் போன பேருந்தில்.

ஈ.பி.எஃப். பற்றிக் கேட்டீர்கள். வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காக அதை எடுக்க முடியாது. இடையில் 30 வீதம் எடுக்கும் வசதி வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான், அதற்கும் பத்து வருடப் பங்களிப்பு வேண்டும். அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

பிறகு வேறு நல்ல வாய்ப்பு வந்தால், பணம் கொடுக்கும் முன் 1989 என்ற இலக்கத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தைக் கேளுங்கள். ஏஜென்சியின் உரிமம் இன்று செல்லுபடியாகுமா என்பது ஒரு கேள்வி. இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு, இத்தனை பேருக்கு அனுமதி பெற்றிருக்கிறார்களா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்திப்படுகிறார்கள், ஏமாறுவது இரண்டாவதில். விசிட் விசாவில் போகிறவர் பணியகத்தில் பதிவாகாமல் போகிறார். பதிவோடு வரும் காப்புறுதியும் அவருக்கு இல்லை. அவர் போனால் பணம் வங்கி வழியாகவே வரட்டும். உண்டியலில் (வங்கிக்கு வெளியே, ஆட்கள் வழியாக) வந்த பணத்துக்குப் பதிவில்லை, நாளை சம்பளம் எவ்வளவு என்று நிரூபிக்க வேண்டி வந்தால் வங்கிக் கூற்றுதான் சாட்சி.

இந்த வாரம் செய்ய வேண்டியது: முதலில் பாஸ்போர்ட்டை வாங்குங்கள், பணச் சண்டையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவசரத் தேவை, அடையாள அட்டை வேலை என்று ஏதாவது சொல்லிக் கேட்கலாம். 50,000க்குப் பற்றுச்சீட்டு இருந்தால் அதையும், இல்லையென்றால் வங்கி வைப்புச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு எல்லாவற்றையும் படமெடுத்து வேறொரு போனிலும் சேமியுங்கள். பிறகு பணியகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். உரிமம் இல்லாமல் ஆள் சேர்த்திருந்தால் அதுவே குற்றம். ‘மீதியைக் கட்டினால்தான் முற்பணம் திரும்பும்’ என்று அவர் சொன்னால், ஒரு ரூபாவும் கட்டாமல் அந்தச் செய்தியையும் முறைப்பாட்டோடு இணையுங்கள்.