மாத்திரையா, ரேடியோ அயோடினா, ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு வயது 31. சில மாதங்களாகப் படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது. பரிசோதனையில் டி.எஸ்.எச். மிகக் குறைவு, டி4 அதிகம். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார் மருத்துவர். மாத்திரை, ரேடியோ அயோடின், ஆபரேஷன் என மூன்று வழி சொல்லி, யோசித்துவிட்டு வரச் சொன்னார். ஓரிரு வருடத்தில் குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை. கதிர்வீச்சு என்றாலே பயமாக இருக்கிறது. டி.எஸ்.எச். குறைவு என்றால் சுரப்பும் குறைவு என்றுதானே அர்த்தம்? எதைத்தான் தேர்ந்தெடுப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: டி.எஸ்.எச். குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். அது தைராய்டில் சுரப்பது இல்லை, மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரியில் சுரப்பது. 'இன்னும் சுர' என்று தைராய்டுக்குப் போகும் கட்டளை அதுதான். ரத்தத்தில் டி4 போன்ற தைராய்டு ஹார்மோன் ஏற்கெனவே நிரம்பி வழிந்தால் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும், அதனால்தான் உங்களுக்கு டி.எஸ்.எச். தரைமட்டத்தில் இருக்கிறது.

சரி, மூன்றில் எது என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதம் முழுக்கத் தேடியும் ஒரு விஷயம் இல்லை: ஏன் அதிகமாகச் சுரக்கிறது? காரணம் தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. உங்கள் வயதில் பெரும்பாலும் கிரேவ்ஸ் நோய்தான். உடலின் எதிர்ப்புச் சக்தி தயாரிக்கும் ஒரு ஆன்டிபாடி, டி.எஸ்.எச். போலவே நடித்துச் சுரப்பியை இடைவிடாமல் முடுக்கிவிடும். சிலருக்குச் சுரப்பியில் வளர்ந்த கட்டி தன்னிச்சையாகச் சுரக்கும். இன்னும் சிலருக்கு, குறிப்பாகப் பிரசவத்துக்குப் பிறகோ வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகோ, சுரப்பி வீங்கி, உள்ளே சேமித்து வைத்த ஹார்மோன் ரத்தத்தில் கசியும். இந்தக் கடைசி வகைக்கு நீங்கள் எழுதிய மூன்றுமே தேவையில்லை. தொட்டியில் ஓட்டை விழுந்து ஒழுகும்போது மோட்டாரை நிறுத்தி என்ன பயன்? படபடப்புக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கும். ஆகவே கிரேவ்ஸுக்கான ஆன்டிபாடி பரிசோதனை செய்தார்களா, தேவைப்பட்டால், சுரப்பி எவ்வளவு வேகமாக இயங்குகிறது என்று காட்டும் தைராய்டு அப்டேக் ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள். கர்ப்பமோ என்ற சந்தேகம் இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அப்புறம் இன்னொன்று, முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுக்கிறீர்களா? அது சில ஆய்வு முறைகளில் தைராய்டு அதிகம் இருப்பது போலவே பொய் முடிவு காட்டும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுப்பதுதான் வழக்கம்.

கிரேவ்ஸ்தான் என்று உறுதியானால், என் யோசனை: இன்றைக்கு மாத்திரையில் தொடங்குங்கள். மற்ற இரண்டையும் பிறகு செய்துகொள்ளலாம், ஆனால் செய்த பிறகு திரும்பி வர முடியாது. ஆபரேஷனுக்குப் போவதானாலும் ஹார்மோனை முதலில் கட்டுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் அல்லது மெத்திமசோல் மாத்திரையை வழக்கமாக 12 முதல் 18 மாதம் கொடுப்பார்கள். பழைய இருப்பு தீரச் சில வாரம் ஆகும் என்பதால் அதுவரை படபடப்புக்குப் புரோப்ரனலால் போன்ற மருந்து சேர்ப்பார்கள் (ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்). நிறுத்திய பிறகு ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாத்திரை அபூர்வமாக வெள்ளையணுக்களை அடியோடு குறைத்துவிடும், அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் 'சாதாரண சளி' என்று விடாமல், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். கண் மஞ்சளானாலும் சிறுநீர் அடர் நிறமாகப் போனாலும் உடனே மருத்துவரிடம் போங்கள், அது கல்லீரல் பிரச்சினையாக இருக்கலாம்.

குழந்தை விஷயம்தான் உங்கள் முடிவைத் தீர்மானிக்கும் என்று நினைக்கிறேன். கார்பிமசோல், மெத்திமசோல் இரண்டும் கர்ப்பத்தின் முதல் வாரங்களில் கருவுக்குக் குறைபாடு உண்டாக்கக்கூடும், அந்த வாரங்களில் பிராப்பைல்தையோயுராசில் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். அதனால் ஹார்மோன் சீராகும்வரை கருத்தடை அவசியம். தப்பித்தவறி நாள் தள்ளிப்போனால் உடனே மருத்துவரை அழையுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு உட்கார வேண்டாம், கட்டுப்படாத தைராய்டும் கர்ப்பத்துக்கு ஆபத்துதான்.

ரேடியோ அயோடினைப் பார்த்து இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. 1940களிலிருந்து கொடுத்துவரும் சிகிச்சை அது. விழுங்கும் அயோடின்-131 பெரும்பகுதி தைராய்டில்தான் போய்ச் சேர்ந்து அங்குள்ள செல்களை அழிக்கும், அதன் வீரியம் 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். ஆனால் உங்கள் நிலையில் அது சரியாகப் பொருந்தவில்லை என்பேன். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் கூடவே கூடாது, எடுத்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும், போதாக்குறைக்கு அந்த கிரேவ்ஸ் ஆன்டிபாடி சில காலம் ஏறி நிற்கும், அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகக்கூடியது. கண் பிதுங்கலோ எரிச்சலோ இருந்தால், அதிலும் புகைப்பழக்கம் இருந்தால், கண் இன்னும் மோசமாகலாம்.

சீக்கிரம் குழந்தை வேண்டும், மாத்திரையில் அடங்கவில்லை என்றால் தைராய்டை எடுத்துவிடும் ஆபரேஷன் நல்ல வழிதான். குரல் நரம்பும், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் குட்டிச் சுரப்பிகளும் பக்கத்திலேயே இருப்பதால், தைராய்டு ஆபரேஷனை அடிக்கடி செய்கிற கைதான் வேண்டும். வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க, தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டும் லெவோதைராக்சின் மாத்திரை எடுக்க வேண்டும், ரேடியோ அயோடினுக்குப் பிறகும் பெரும்பாலும் அப்படித்தான். இதை ஏதோ தோல்வி மாதிரி பலர் பார்க்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கர்ப்பத்திலும் பாதுகாப்பான மருந்து, அளவை மட்டும் அப்போது கூட்ட வேண்டியிருக்கும்.

மாத்திரை தொடங்கி முதல் பரிசோதனையில் டி4 இறங்கியும் டி.எஸ்.எச். அப்படியே கிடந்தால் பதற வேண்டாம், அது எழுந்திருக்கச் சில மாதம்கூட ஆகும். ஆனால் நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, கடும் காய்ச்சலோடு மனக்குழப்பம் வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.